போட்டோவுக்காகத் தண்ணீர் விட்ட கொல்லை

ஏய், சொன்னால் உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மரக்காணத்தைக் கடைசியில் படத்திலிருந்து எடுத்தேவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம் என் தம்பி மகன் வந்திருந்தான். திண்டிவனம் பக்கத்தில் நெல்லும் உளுந்தும் போடுகிறவன். வந்ததும் வராததுமாகப் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "அத்தை, இதப் பாருங்க. எந்த நெலத்துல எவ்ளோ ஈரம் இருக்குதுன்னு சேட்டிலைட்டுலேருந்தே சொல்லிடுது" என்றான். திரை முழுக்க வண்ணம். ஈரமான இடம் நீலம், காய்ந்த இடம் பழுப்பு, நடுவில் பச்சையும் மஞ்சளும். அவன் வயல் பச்சையில் இருந்தது. பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சேட்டிலைட்டை அவனே ஏணி போட்டு மேலே வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு சிரிப்பு.

எனக்குக் கை சும்மா இருக்குமா? படத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனேன். கழுவெளிச் சதுப்பு ஏரி வந்தது. அதற்கப்புறம் கடலோரமாக, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு சாம்பல் பட்டை. மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு எல்லாம் அதற்குள்ளே. நீலமும் இல்லை, பழுப்பும் இல்லை. விரலால் தட்டினால் "தகவல் இல்லை" என்று வருகிறது.

"கடல் பக்கமெல்லாம் வராது அத்தை. தண்ணியும் நெலமும் கலந்து தெரியுதாம். கணக்கு ஒதைக்குதாம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அதே காரணம். நம் ஆபீசர் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னதும் இதையேதான். அன்றைக்கு நீ ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னாய். நேற்று பதில் சொல்ல நீ இல்லை. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சிரித்து முடித்ததும் மனசு உன்னைத் தேட ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நமக்கு இருபத்து சொச்சம் வயது. இரண்டு பேரும் பி.எஸ்ஸி., இரண்டு பேருக்கும் தற்காலிக வேலை. நான் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவள். நீ உள்ளூர்க்காரி, உப்பளத்து மேஸ்திரி பெண். செயற்கைக்கோள் எடுக்கிற படத்தைப் பார்த்தே நிலத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. படம் சொல்வது நிஜமா என்று தெரிய வேண்டுமானால், அது தலைக்கு மேல் கடக்கிற அதே காலையில் கீழே ஒருத்தர் மண்ணை எடுத்துப் பார்த்தாக வேண்டும். அந்த ஒருத்தர்தான் நாம் இருவரும். ஈர மண்ணை டப்பாவில் அடைத்து நிறுக்க வேண்டும். அதை அடுப்பில் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்துபோன எடைதான் தண்ணீர்.

"மேல ராக்கெட்டு வுட்டவனுக்கும் கடைசில தராசுதான்டி கதி" என்று நீ சொல்லுவாய். சொல்லிவிட்டு, வேலைக்குச் சேர்ந்ததே அந்தத் தராசைக் காப்பாற்றத்தான் என்பது போல அதைத் துண்டால் துடைப்பாய்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நமக்கு ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு, மூலையில் அலுமினிய டப்பாக்கள் வரிசையாக. அந்த அடுப்பை ஆபீஸ் மண் காயவைக்கக் கொடுத்தது. நீ அதில் அப்பளம் சுட்டாய். மரக்காணத்தில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம் என்பதால் மண்ணும் அரைகுறை, அப்பளமும் அரைகுறை.

நாம் மண் எடுத்த இடங்களில் முக்கியமானது அனுமந்தைக்குப் போகிற வழியில் இருந்த மானாவாரிப் புஞ்சை, உங்கள் ஊர்ப் பேச்சில் கொல்லை. சொந்தக்காரர் பெயர் மண்ணாங்கட்டி. நீ டப்பாவின் மேல் சீட்டு ஒட்டி 'மண்ணாங்கட்டி' என்று எழுதி அனுப்ப, ஆபீசர் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்து உன்னை நிறுத்திக் கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? "ஏம்மா, என்ன மண்ணுன்னு கேட்டா மண்ணாங்கட்டின்னு எழுதி அனுப்பறியே, கிண்டலா?" நீ முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "சார், அது அவரு பேரு சார். மொத ரெண்டு கொழந்த தங்கலன்னு மூணாவதுக்கு வச்ச பேரு" என்றாய். மனுஷர் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டார். நல்லவர்தான். மேகத்தைத் தவிர வேறு யார்மேலும் அவருக்குக் கோபம் கிடையாது.

மேகம்தான் நமக்கும் எமனாக வந்தது. சேட்டிலைட் நம் ஊருக்கு மேல் வருவது சில வாரங்களுக்கு ஒருமுறை. வருகிற அன்று மேகம் மூடியிருந்தால் படத்தில் மேகம்தான் விழும். அந்த வருஷம் இரண்டு தடவை அப்படியே போயிற்று. நாம் கர்மசிரத்தையாக மண்ணைத் தோண்டி நிறுத்து வைத்தோம், மேலேயோ பஞ்சு மூட்டை. ஆனி மாதம் ஆபீசர் ஜீப்பில் வந்தார். இறங்கவில்லை. "கடலோரம் வேணாம்னு மேலே சொல்றாங்க. தண்ணியும் உப்பும் நிலமும் கலந்து கிடக்கு, கணக்குக்குத் தலைவலி. ஆடி மழைக்கு முன்னால இன்னும் ஒரு தடவைதான் இருக்கு. அதுவும் சரியா அமையலேன்னா மரக்காணத்தை எடுத்துட வேண்டியதுதான்" என்றார்.

மரக்காணத்தை எடுத்தால் எனக்கு ஒன்றும் இல்லை, வேறு ஊருக்கு மாற்றுவார்கள். உன்னை மட்டும் மரக்காணத்துக்கென்றே வைத்திருந்தார்கள். ஊர் போனால் உன் வேலையும் போகும். வீட்டில் உன் அப்பாவின் உப்பளக் கூலியோடு உன் சம்பளமும் சேர்ந்தால்தான் உலை கொதிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அவரிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னா சார், உப்பு இருந்தா அது நெலம் இல்லியா? இங்க மனுஷன் மல்லாட்ட போடல? நாளைக்கு ரேடியோல எந்த ஊர்ல ஈரம் இருக்குதுன்னு சொல்லும்போது எங்க ஊரு பேரு மட்டும் வராதா?" என்றாய். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்று நான் குறுக்கே புகுந்து அவருக்கு விளக்கினேன். "அந்த ஒரு தடவை சரியா செய்யுங்க, பார்ப்போம். அன்னைக்கு நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நீ நிற்கவில்லை. வீடு வீடாகப் போனாய். நிலத்தை உள்ளபடியே விட வேண்டும், உழக்கூடாது, கொத்தக்கூடாது என்று மண்ணாங்கட்டியிடமும் அவர் மனைவி அஞ்சலையிடமும் சுற்றியிருந்த கொல்லைக்காரர்களிடமும் சொன்னாய். எல்லாம் சரியாகத்தான் சொன்னாய். செயற்கைக்கோள் என்றால் அஞ்சலைக்குப் புரியவில்லை. அப்போது நீ ஒரு வார்த்தை சொன்னாய்: "மேலேருந்து நம்ம கொல்லைய போட்டோ புடிச்சு டெல்லிக்கு, அமெரிக்காவுக்கு அனுப்பப் போறாங்க, அவ்ளோதான்." அஞ்சலை மோவாயில் கை வைத்து, "போட்டோவா?" என்று ஒருமுறை கேட்டாள். அந்தக் கேள்வியை நாம் அங்கேயே கவனித்திருக்க வேண்டும்.

அந்த நாள் விடிந்தபோது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. நீ அறை வாசலில் நின்று மேலே பார்த்துக் கும்பிட்டாய். ஆபீசர் ஜீப் வந்தது. நாம் ஆகரை எடுத்துக்கொண்டோம். ஆகர் என்றால் மண்ணுக்குள் திருகி இறக்குகிற அந்தக் கனத்த கம்பிதான், உன் தோளில் எப்போதும் தழும்பாக இருந்த கம்பி. டப்பாக்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

கொல்லையை நெருங்கினோம். அங்கே திருவிழாக் கூட்டம். மண்ணாங்கட்டி வெளுத்த வேட்டியும் தலை வழிய எண்ணெயுமாகக் கொல்லைக்கு நடுவில் நின்று, மோவாயைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை கல்யாணப் பட்டுப்புடவையில் இருந்தாள். மற்ற பெண்கள் எல்லோர் முகத்திலும் அப்பிக் கிடந்தது பவுடர். உப்பளத்துப் பெண்கள் ஒரு படி மேலே போய், வண்டிப் பாதையை அடைத்து உப்பாலேயே தேர்க்கோலம் போட்டிருந்தார்கள். ஆபீசர் அதைப் பார்த்துக்கொண்டே ஜீப்பிலிருந்து இறங்கி, வரப்பைத் தாண்டிக் கொல்லைக்குள் ஒரு கால் வைத்தார். கால் கணுக்கால் வரை உள்ளே போயிற்று. கால் வெளியே வந்தது, செருப்பு வரவில்லை.

விதை போடாத வெறும் கொல்லை, ஆனி வெயிலில் வாய் பிளந்து கிடந்த கொல்லை, அன்று சேறாகப் பளபளத்தது. சுற்றியிருந்த நாலைந்து கிணற்றுக்காரர்களும் முதல் நாளே ஆயில் இன்ஜின்களை ஓட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் பாய்ச்சி வைத்திருந்தார்கள்.

"யார் தண்ணி விடச் சொன்னது?" ஆபீசர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கத்தினார்.

"யாரும் சொல்லணுமாங்க?" என்றாள் அஞ்சலை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "போட்டோ டெல்லிக்குப் போவும், அமெரிக்காவுக்குப் போவும்னு மேஸ்திரி பொண்ணு சொல்லிச்சு. காஞ்சு கெடக்கற கொல்லைய காட்டிட்டு நின்னா ஊரு மானம் இன்னாத்துக்கு ஆவறது? எம் புள்ளைக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம். இந்தக் கொல்லையப் பாத்துட்டு எவன் பொண்ணு குடுப்பான்?"

நான் உன்னைப் பார்த்தேன். அவ்வளவு வெயிலிலும் உன் முகம் வெளிறிப் போயிருந்தது. கடைசி வாய்ப்பு, தெளிந்த வானம், வேலை, ஊர்ப் பெயர் எல்லாம் அந்தச் சேற்றில் கிடந்தன. சேட்டிலைட் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் நீ அஞ்சலையிடம் போய், ரொம்ப அமைதியாகக் கேட்டாய். "எதுவரைக்கும் பாய்ச்சினீங்க?"

"டீசல் தீர்ற வரைக்கும்."

"தீந்தது எங்க?"

அவள் கை காட்டினாள். பனைமர வரிசையோடு ஈரம் நின்றிருந்தது. அதற்கு மேற்கே அதே மண், அதே உழவு, வறண்டு வெளுத்துக் கிடந்தது. கிழக்கே, பள்ளத்தில், உப்புப் பூத்த களர். அங்கே மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அஞ்சலை, "அதான் பவுடர் போட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்குதே, அதுக்கு இன்னாத்துக்குத் தண்ணி?" என்றாள்.

நீ திரும்பினாய். உன் முகம் மாறிவிட்டிருந்தது. "சார், ஒரே மண்ணு. இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் காய்ச்சல், கீழ உப்பு. மூணும் பக்கத்து பக்கத்துல, ஒரே காலையில, ஒரே படத்துல வருது. நம்மளே கெஞ்சிக் கேட்டாலும் இவ்ளோ டீசல் செலவு பண்ணி எவனாவது இப்படி செஞ்சு குடுப்பானா சார்?"

ஆபீசர் சேறு வழிகிற செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். அப்புறம் கத்தாமல் கேட்டார். "டப்பா எத்தனை வச்சிருக்கே?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதைவிட இனிப்பாக ஒரு ஆபீசர் பேசி நான் கேட்டதே இல்லை.

டப்பா போதவில்லை. ஒரு கொல்லைக்குத்தான் கொண்டுபோயிருந்தோம், இப்போது மூன்று. நீ கூட்டத்தைப் பார்த்து, "யார் யார் வூட்ல மூடி போட்ட டப்பா இருக்குது? ஓடுங்க!" என்று கத்தினாய். பட்டுப்புடவைகள் எல்லாம் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின. பவுடர் டப்பா வந்தது, பால் பவுடர் டப்பா வந்தது, மிளகாய்த்தூள் வாசனையோடு ஒன்று, மூக்குப்பொடி வாசனையோடு ஒன்று. நீ ஆகரை ஏறி மிதித்து இறக்கினாய், நான் மண்ணை வழித்து அடைத்தேன். ஆபீசர் ஒற்றைச் செருப்போடு மூடிகளைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினார். எழுத மை இல்லாமல் போனபோது அஞ்சலை தன் கண்மைச் சிமிழை நீட்டினாள். ஈரத்துக்கு ஒரு கோடு, காய்ச்சலுக்கு இரண்டு கோடு, உப்புக்கு ஒரு பொட்டு என்று கண்மையால் அடையாளம் வைத்தோம்.

நேரம் வந்தது. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்போ மேலே போகும்" என்றார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே என்ன தெரியும்? வெறும் நீலம். ஆனால் நீ சேற்றுக் கையால் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, என் தோளில் இடித்து, "சிரிடி, போட்டோ" என்றாய். நான் சிரித்தேன். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று தெரிந்திருந்தும் சிரித்தேன்.

உப்புக் களர்மேல் நமக்குள் ஒரு பந்தயம் ஓடியது. "கை வச்சா சில்லுன்னு ஒட்டுது. ஈரம்னா படத்துல கறுப்பாத்தான் விழும்" என்பது உன் கட்சி. மேலே பூத்திருக்கும் உப்புதான் படத்துக்குத் தெரியும், வெள்ளையாகத்தான் விழும் என்பது என் கட்சி. தோற்றவள் வருஷம் முழுக்க ஆகர் சுமக்க வேண்டும். உப்பளத்திலேயே பிறந்தவள் நீ, உன்னோடு உப்பைப் பற்றிப் பந்தயம் கட்டுகிறோமே என்று எனக்கு உள்ளூர உதறல்தான்.

அறைக்கு வந்தால் கரண்ட் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பால் பவுடர் டப்பாக்கள் நம் அடுப்புக்குள் நுழையாது. ஜீப்பைக் கூனிமேட்டுக்கு விடச் சொன்னாய். அங்கே காசிம் பாயின் ரொட்டிக்கடை. விறகு போட்டுச் சூடாக்கிய பெரிய செங்கல் அடுப்பு. ரொட்டி எடுத்த பிறகும் அதன் சூடு போக வெகு நேரமாகும். நீ நேரே போய், "பாய், மண்ணு வேக வைக்கணும்" என்றாய்.

பாய் மாவு பிசைகிற கையை நிறுத்தவில்லை. "எத்தன டஜன்மா?" என்றார்.

சூடான டப்பாக்களைத் துணியால் பிடித்து வெளியே எடுத்து, ஆறவிடாமல் நிறுத்துப் பார்த்தோம். உப்பு மண்ணை ஆறவிட்டால் கடல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை ஏறிவிடும். நீ விரலை ஊதிக்கொண்டே எடைக்கல் வைத்தாய். மறுபடி அடுப்புக்குள், மறுபடி தராசில், இனிக் குறையாது என்கிற வரைக்கும். அதில் ஒரு விஷயம் நாம் யோசிக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்கக் கூனிமேட்டில் பன் வாங்கியவர்கள், "இன்னா பாய், பன்னுல பவுடர் வாசன அடிக்குது?" என்று கேட்டார்களாம். "கல்யாண ஸ்பெஷல்" என்று சொல்லி அவர் விற்றுவிட்டார்.

படம் கைக்கு வர ஐப்பசி ஆகிவிட்டது. அதுவரை நீ இரண்டு வேளை சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆபீசர் சுருட்டிய தாளை நம் கட்டிலில் விரித்தார். கறுப்பு வெள்ளைப் படம். கடல் கறுப்பு, கழுவெளி கறுப்பு, நிலம் சாம்பல். பூதக்கண்ணாடியை வைத்து அனுமந்தை வழியில் தேடினார். மிளகளவுக்கு ஒரு கருமை. அதன் மேற்கு ஓரம் பனைமர வரிசையோடு நேராக வெட்டியதுபோல் நின்றிருந்தது. அஞ்சலை விட்ட தண்ணீர். அதற்குக் கிழக்கே, வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டு.

"தோத்தியா?" என்றேன். உன்னிடம் நான் ஜெயித்த ஒரே பந்தயம், அனுபவித்துச் சொன்னேன். நீ ஒப்புக்கொள்ளாமல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாய்.

ஆபீசர் நம்மைக் கவனிக்கவில்லை. நாம் நிறுத்த கணக்கையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அந்த வெள்ளைப் பொட்டை எலும்பாகக் காய்ந்த நிலம் என்றது. காசிம் பாய் அடுப்பில் வெந்த டப்பாக்களோ, தண்ணீர் பாய்ச்சிய கொல்லைக்குச் சமமாக அங்கே ஈரம் இருக்கிறது என்றன. இத்தனை நாள் கடலோரக் கணக்கு ஏன் உதைத்தது என்பது அங்கே உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கணக்கு உதைக்குதுன்னு ஊரை ஒதுக்கக் கூடாதும்மா. உப்பு நிலத்துக்குத் தனிக் கணக்குப் போடணும். அதுக்கு இங்கே ஆள் வேணும். ஈரம், காய்ச்சல், உப்பு மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யாரும் எனக்குக் காட்டினதில்லே." மரக்காணம் தப்பியது. உன் வேலையும் தப்பியது. நீ அழுதாய், அப்புறம் அப்பளம் சுட்டாய்.

படத்தை எடுத்துக்கொண்டு போய் அஞ்சலையிடம் காட்டினோம். அவள் வெகு நேரம் தேடிவிட்டு, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். ஆள் தெரியாது, நிலம்தான் தெரியும் என்று நான் சொன்னதும் முகம் வாடிப்போனாள். "அப்ப பட்டுப்பொடவ கட்டினது வேஸ்ட்டா?"

நீ அந்த மிளகளவுக் கருமையில் அவள் விரலைப் பிடித்து வைத்தாய். "ஈரம் தெரியுது பாரு. அதான் நீ" என்றாய்.

அடுத்த வருஷம் ஆபீசர் ரேடியோவில் விவசாயிகளுக்காகப் பேசினார். மண்ணாங்கட்டி வீட்டு வாசலில் டிரான்சிஸ்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அஞ்சலையின் புது மருமகளும் இருந்தாள். போட்டோவைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள் என்று அஞ்சலை கடைசி வரைக்கும் சாதித்தாள், பெண் வீட்டார் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கரகரப்புக்கு நடுவே ஆபீசர் குரல்: மரக்காணம் சுற்றுவட்டார மானாவாரி நிலங்களில், மேல்மண் வெளுத்துத் தெரிந்தாலும், ஒரு சாண் ஆழத்தில் விதைப்புக்குப் போதிய ஈரம் இருக்கிறது.

"நம்ம ஊரு பேரச் சொன்னாங்க!" அஞ்சலை துள்ளி எழுந்தாள். "யம்மா, மேஸ்திரி பொண்ணு, இன்னொரு தபா சொல்லச் சொல்லு!"

ரேடியோவில் அப்படிக் கேட்க முடியாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். நீ விளக்கவில்லை. டிரான்சிஸ்டரை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆபீசர் குரலிலேயே, மூக்கால், "மரக்காணம் சுற்றுவட்டார..." என்று முழுசாக இன்னொரு தடவை சொன்னாய். அஞ்சலைக்குத் திருப்தி.

நான் அப்புறம் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். நீ அங்கேயே இருந்து, வெள்ளைப் பொட்டுகளைத் தேடித் தேடி மண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கோவில் நந்தவனமானாலும் சரி, யாரோ வீட்டுப் பால்கனித் தொட்டியானாலும் சரி, ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்க்காமல் நகர மாட்டேன். மேலே காய்ந்திருக்கிறது என்று செடியைப் பிடுங்கப் போன பக்கத்து வீட்டுப் பெண்ணை இரண்டு முறை தடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்தால் இப்போது தொட்டியை மறைக்கிறாள்.

இன்று காலை தம்பி மகனை எழுப்பி, மரக்காணத்துக்கு வண்டியை விடச் சொன்னேன். கொல்லையில் பாதி சவுக்குத்தோப்பாகிவிட்டது, பாதியில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பனைமரங்களில் இரண்டு மிச்சம். கிழக்கே பள்ளத்தில் அந்தக் களர் மட்டும் அப்படியே, பவுடர் போட்ட மாதிரி, யாரும் வாங்காமல் கிடந்தது. முட்டி வலியோடு உட்கார்ந்து, உப்பை ஒதுக்கிவிட்டுக் கையை விட்டேன். சில்லென்று ஒட்டியது. அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. பையன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"அந்தப் போன்ல, இது தப்புன்னு அவங்களுக்குச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

"கருத்து எழுதலாம் அத்தை. படிப்பாங்களான்னு தெரியாது."

மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எழுதினேன்: கணக்கு உதைக்கிறது என்று ஊரை விட்டுவிடாதீர்கள். மேலே உப்புதான். கீழே ஈரம் இருக்கிறது. ஆள் வைத்துக் கையை விட்டுப் பாருங்கள்.

கீழே பெயர் கேட்டது. உன் பெயரைப் போட்டேன்.

அனுப்பி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. யந்திரம் தானாக அனுப்புகிற பதில்தான், எனக்கும் தெரியும். உன் பெயரை முழுசாகச் சொல்லி, உங்கள் கருத்துக்கு நன்றி என்று இருந்தது. நீ போன பிறகு உன் பெயரைச் சொல்லி யாரும் உன்னிடம் பேசி நான் பார்க்கவில்லை.

"போலாமா அத்தை?" என்றான் பையன்.

"இருடா" என்றேன். இன்னொரு தபா அனுப்பினேன்.